இரண்டு பேர் போக ஐந்து இருக்கை

காலை ஏழு மணிக்குக் கிட்டங்கித் தாம்போதியின் ஓரத்தில் நின்றால் போதும், அம்பாறைக் கரையோரத்தின் போக்குவரத்துக் கணக்கு முழுவதும் கண்முன்னால் ஓடும். நாவிதன்வெளி, அன்னமலை, சவளக்கடை, மத்தியமுகாம் பக்கமிருந்து கல்முனைக்குப் போகிறவர்கள் ஒரு திசையில். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது பக்கமிருந்து நாவிதன்வெளியின் பாடசாலைகளுக்கும் பிரதேச செயலகத்துக்கும் வருகிறவர்கள் எதிர்த்திசையில். ஆசிரியர்கள், தாதியர், வங்கி ஊழியர், கச்சேரி வேலையாய்ப் போகிறவர். பெரும்பாலானோர் மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும்தான். இடையிடையே ஒரு கார் வரும். அதற்குள் எட்டிப் பார்த்தால் ஓட்டுகிறவர் மட்டும் இருப்பார். மிஞ்சினால் பக்கத்தில் மனைவி இருப்பார். பின் இருக்கையில் சோற்றுப் பெட்டியும் குடையும் பயிற்சிக் கொப்பிக் கட்டும் பயணம் செய்யும்.

ஒருவரோ இருவரோ தினமும் போய்வருகிற இந்தப் பாதைக்கு ஏற்ற வாகனம் நாட்டின் சந்தையில் இல்லை. ஒரு முனையில் மழையும் வெயிலும் தாராளமாய் விழுகிற இரண்டு சக்கரம். மறுமுனையில் ஐந்து பேருக்கென்று செய்த கார். இரண்டுக்கும் நடுவே, கூரையும் கதவும் உள்ள, இரண்டே இருக்கை கொண்ட ஒரு சின்னஞ்சிறு கார் இருக்க வேண்டிய இடம் வெறுமையாய்க் கிடக்கிறது. அது நிரப்பப்பட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஆனால் எப்படியும் நிரப்பினால் சரி என்பதற்கில்லை.

மோட்டார் சைக்கிளைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. கிழக்கில் ஒரு தலைமுறையையே வேலைக்கும் படிப்புக்கும் சுமந்த வண்டி அது. நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள்தான். வீதியில் சாகிறவர்களிலும் அதில் போகிறவர்களே முதலிடம். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் கார்த்திகையிலிருந்து தை வரை மழைக்கோட்டுக்குள்ளேயே வேலைக்குப் போய் இறங்க வேண்டும். சித்திரை தாண்டினால் வயல்வெளிக்கு நடுவே நிழலற்ற வீதியில் தார் கொதிக்கும். ஸ்கூட்டியில் போகும் ஆசிரியைகளுக்கு அபாயா நுனியும் சேலைத் தலைப்பும் சக்கரத்தில் சிக்கும் ஆபத்து வேறு. அறுவடை முடிந்த காலத்தில் நாவிதன்வெளிப் பக்கம் யானை இறங்கும். மாலை மங்கிய பிறகு அந்த வழியால் வீடு திரும்புகிறவருக்கு ஹெல்மட் ஒன்றுதான் காவல்.

காரின் குறை வேறு வகை. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரி 1 ஆம் திகதிதான். ஐந்து ஆண்டு பூட்டிக் கிடந்த காலத்தில் பழைய அல்டோ, வெகன் ஆர் போன்ற சின்னக் கார்கள் தங்கத்தைப் போல விலையேறின. வாங்கும்போது கொடுத்ததைவிட விற்கும்போது கூடுதலாகப் பெற்றவர்கள் உண்டு. வாகனம் தேய்ந்தால் மதிப்புக் குறையும் என்ற உலக வழக்கம் இலங்கையில் தலைகீழாய் நின்றது. இப்போது இறக்குமதி நடக்கிறது. ஆனால் உற்பத்தி வரி, சுங்கம், 18 சதவீத வற் எல்லாம் ஏறிய பிறகு, ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்கு அந்தக் கார் லீசிங் இல்லாமல் எட்டாது. லீசிங்கோடு எட்டினால் சம்பளமே அதற்குத்தான்.

2022 இன் எரிபொருள் நெருக்கடியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர், அடுத்த ஜூன் இறுதியில் 470 ரூபா. பெற்றோல் செட் வாசலில் இரவு பகலாக வரிசை. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, காருக்கு 20 என்று தொடங்கினார்கள். 2023 செப்டெம்பர் வரை அந்தப் பங்கீடு ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. அந்த அளவுகளைக் கூர்ந்து பார்த்தால் நாட்டின் பயணப் பழக்கத்தையே வாசிக்கலாம். ஒரே வீதியில் ஒரே அலுவலகத்துக்கு ஒரே ஆளைக் கொண்டுபோக ஒரு வண்டிக்கு 4 லீற்றர், இன்னொன்றுக்கு 20. கூடுதலாகக் கொடுத்ததில் பெரும்பகுதி ஆளைச் சுமக்கச் செலவாகவில்லை. இரும்பையும் காலி இருக்கையையும் சுமக்கவே எரிந்தது.

இதே நெருக்கடி வேறு நாடுகளுக்கும் வந்ததுண்டு. 1956 இல் சூயஸ் கால்வாய் மூடப்பட்டு ஐரோப்பாவில் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது ஜேர்மனியின் வீதிகளில் முட்டை வடிவிலான ஒரு குட்டிக் கார் பெருகியது. இசெட்டா. இத்தாலியில் குளிர்சாதனப் பெட்டி செய்த ஒரு கம்பெனி உருவாக்கியதை பிஎம்டபிள்யூ உரிமம் வாங்கி 1955 முதல் செய்தது. முன்பக்கமே கதவு, திறந்தால் ஸ்டியரிங்கும் கதவோடு வெளியே வரும். உள்ளே இருவர் ஒட்டி உட்காரலாம். இயந்திரம் 250 சிசி, பிறகு 300. மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரத்தோடு 250 சிசி வண்டியை ஓட்டலாம் என்று அங்கே விதி இருந்தது. விற்பனைக்கு அது பெரிய கைகொடுப்பு. ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை பிஎம்டபிள்யூ விற்றது. இன்று கல்முனைக் கடைத்தெருவில் பிஎம்டபிள்யூ என்றால் வாய்பிளக்கிறவர்களுக்கு, அந்தக் கம்பெனி நொடிந்து கிடந்த நாட்களில் அதற்குச் சோறு போட்டவற்றுள் இந்த முட்டைக் காரும் ஒன்று என்பது வேடிக்கையாய் இருக்கும்.

பிஎம்டபிள்யூ இசெட்டாவைச் செய்யத் தொடங்குவதற்கும் மூன்று ஆண்டு முன்பே ஒரு தமிழர் குட்டிக் காரைச் செய்து பார்த்துவிட்டார். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. 1893 இல் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டாதவர். வெள்ளைக்காரர் ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, கோயம்புத்தூரில் ஹோட்டல் வேலை செய்து காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் ஊர்சுற்றப் போகவில்லை. கழற்றிப் போட்டு மீண்டும் பூட்டிப் பழகினார். 1920 இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அது வளர்ந்து யூஎம்எஸ் என்ற பெரிய பஸ் கம்பெனியானது. 1937 இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்ததில் அவருக்கும் பங்குண்டு. அந்த மனிதர் 1952 இல் பெற்றோலில் ஓடும் இரண்டு இருக்கைக் கார் ஒன்றை வெளியே கொண்டுவந்தார். விலை 2,000 ரூபா.

அரசாங்கம் உரிமம் கொடுக்கவில்லை. உற்பத்தி அத்தோடு நின்றது.

எந்தத் தொழிலுக்கும் அரசின் உரிமம் தேவைப்பட்ட காலம் அது. அந்தக் கார் ஓடியிருந்தால் வெற்றி பெற்றிருக்குமா என்று இன்று அடித்துச் சொல்ல முடியாது. 1952 இன் வீதிகள், டயர்கள், உதிரிப்பாகங்கள் எல்லாம் வேறு. ஆனால் சந்தை தீர்ப்புச் சொல்லும் முன்பே கோப்பு தீர்ப்புச் சொல்லிவிட்டது. சிறிய வாகனத்தின் கதை நம்முடைய பக்கங்களில் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. இலங்கையில் அந்தக் கோப்புக்குப் பெயர் வரி வர்த்தமானி.

2015 ஜனவரியில் இடைக்கால வரவுசெலவுத் திட்டம் 1000 சிசிக்குக் கீழ்ப்பட்ட கார்களின் வரியைக் குறைத்தது. உடனே நாடு முழுக்கச் சின்னக் கார் வெள்ளம். அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரை எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் அல்டோ அல்லது வெகன் ஆர். பிறகு வரி ஏறியது. 2018 ஓகஸ்டில் அதே சின்னக் கார்கள்மீது மறுபடியும் ஏறியது. டொலர் போகிறது என்பது காரணம். காரணம் பொய்யில்லை. ஆனால் டொலரைக் குறைவாகக் கொண்டுபோகிற வண்டியை முதலில் அடிப்பதுதான் புரியவில்லை. இன்றைய முறையிலும் பெற்றோல் கார்களில் ஆகக் கீழ்ப் படி ஆயிரம் சிசி வரைக்குமானது. 600 சிசி வண்டியும் 998 சிசி வண்டியும் ஒரே படியில் நிற்கின்றன. வண்டியின் எடை என்ன, நீளம் என்ன, வீதியில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஜப்பானில் 1949 முதல் கேய் கார் என்று தனி வகுப்பு உண்டு: இன்றைய விதிப்படி இயந்திரம் 660 சிசிக்குள், நீளம் 3.4 மீற்றருக்குள், அகலம் 1.48 மீற்றருக்குள். அந்த வரம்புக்குள் நின்றால் வரிச் சலுகை. அங்கே விற்கிற புதிய கார்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அந்த வகுப்புத்தான். நம்மூர் வெகன் ஆர்களில் பல அந்த வகுப்புக்கென்று பிறந்து கப்பலேறி வந்தவை. வண்டியை இறக்குமதி செய்த நாம் அதைப் பிறப்பித்த விதியை மட்டும் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம்.

சின்னக் கார் என்றதும் எல்லோரும் டாட்டா நானோவைச் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். மழையில் ஒரு ஸ்கூட்டரில் நனைந்துபோன குடும்பத்தைக் கண்டபோது பிறந்த எண்ணம் என்று ரத்தன் டாட்டாவே சொன்ன கார் அது. 2008 இல் டில்லியில் காட்டப்பட்டு 2009 இல் விற்பனைக்கு வந்தது. 2018 இல் உற்பத்தி நின்றது. 624 சிசி, நான்கு இருக்கை, மூன்று மீற்றரைச் சற்றே தாண்டும் நீளம். உலகின் ஆக மலிவான கார் என்று விளம்பரம் செய்ததே தவறு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். தான் வாங்குவது ஏழையின் கார் என்று பக்கத்து வீட்டாருக்கு அறிவிக்க எவரும் பணம் கட்டமாட்டார்கள். இலங்கையில் நானோவுக்கு வேறு வாழ்வு கிடைத்தது. வீட்டுக்காரர்கள் தயங்கிய இடத்தில் டெக்சிக்காரர்கள் ஏறிக்கொண்டார்கள். கொழும்பில் குறைந்த கட்டண டெக்சி என்றாலே நானோ என்றாகி, பிக்மீ செயலியில் அந்தப் பெயரிலேயே ஒரு வகை இருந்தது. முச்சக்கரவண்டிக்கும் காருக்கும் நடுவே ஒரு வாகனத்துக்கு இந்த நாட்டில் இடமிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உண்மையில் நம்முடைய குட்டிக் கார் ஏற்கெனவே வீதியில் ஓடுகிறது. அது முச்சக்கரவண்டி. வாடகைக்கு விடாமல் வீட்டுத் தேவைக்கென்றே அதை வைத்திருப்பவர்கள் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நிறைய. காரணம் எளியது. சில பேர்ச் காணியில் வீடு, வீட்டுக்கு முன்னால் இரண்டு மதில்களுக்கு நடுவே ஓடும் ஒழுங்கை. கார் அதற்குள் நுழைந்தால் திரும்பி வரப் பின்னோக்கியே வர வேண்டும். ஆட்டோ நின்ற இடத்திலேயே திரும்பும். பஜாஜின் கியூட் என்ற நான்கு சக்கரக் குட்டி வண்டியும் சில காலம் இலங்கைக்கு வந்தது. 216 சிசி, 2.75 மீற்றர் நீளம், லீற்றருக்கு 35 கிலோமீற்றர் அளவில் ஓடும் என்று கம்பெனி சொன்னது. அந்தக் கணக்கை அப்படியே நம்பினால், 2022 இல் காருக்குக் கொடுத்த 20 லீற்றரில் அது 700 கிலோமீற்றர் போயிருக்கும்.

இங்கேதான் ஒரு தடை. 2016 இல் ஐரோப்பாவின் யூரோ என்கெப் மோதல் சோதனையில் கியூட் ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. 2014 இல் குளோபல் என்கெப் சோதனையில் நானோவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் செய்த குட்டி வண்டிகளும் அந்தச் சோதனைகளில் மோசமாகவே நடந்துகொண்டன. சிறியது என்பதற்காக நொறுங்க வேண்டியதில்லை. 2.7 மீற்றர் அளவே நீளமுள்ள ஸ்மார்ட் போர்ட்டு என்ற இரண்டு இருக்கைக் கார், ஆட்களைச் சுற்றி எஃகுக் கூடு கட்டி 2014 இல் நான்கு நட்சத்திரம் வாங்கிக் காட்டியது. ஆனால் அந்தக் கூட்டுக்குப் பணம் வேண்டும். ஸ்மார்ட் ஒருபோதும் மலிவான வண்டியாக இருந்ததில்லை. அந்தக் குட்டிக் காரும் 2024 இல் நின்றுபோனது. எனவே குட்டிக் காரை ஐந்து நட்சத்திரக் காரோடு ஒப்பிட்டு வேண்டாம் என்பதும், மோட்டார் சைக்கிளைவிட மேல் என்ற ஒன்றுக்காகவே சோதனையின்றி எதையும் ஏற்பதும் இரண்டுமே பிழை. ஒப்பிட வேண்டியது அது எந்த வண்டியின் இடத்தைப் பிடிக்கப்போகிறதோ அந்த வண்டியோடு. கிட்டங்கி வீதியில் அது மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும். அவற்றில் கதவும் இல்லை, இருக்கைப் பட்டியும் இல்லை.

வேகத்தைப் பற்றியும் வீண் பயம் வேண்டாம். பிரான்ஸில் 2020 இல் வந்த சிட்ரோயன் அமி என்ற இரண்டு இருக்கை மின்கார் மணிக்கு 45 கிலோமீற்றருக்கு மேல் போகாது. கேட்டதும் நம்மவர் சிரிப்பார்கள். முச்சக்கரவண்டிக்கு இலங்கைச் சட்டம் விதித்த எல்லை 40 கிலோமீற்றர். ஊர்மனைக்குள் காருக்கே 50. காரைதீவிலிருந்து பாண்டிருப்பு வரை ஊர் முடியாமல் ஓடுகிற பிரதான வீதியில் சட்டப்படி ஓடுகிறவருக்கு அமி ஒன்றும் பின்தங்காது. சட்டத்தை மீறி ஓடுகிற பஸ்ஸுக்குப் பின்னால்தான் அது ஒதுங்க வேண்டும், எல்லோரையும் போல.

அமியின் மின்கலம் 5.5 அலகு மின்சாரம் பிடிக்கும். ஒருமுறை ஏற்றினால் 75 கிலோமீற்றர். வீட்டுச் சாதாரணச் செருகியில் நான்கு மணித்தியாலத்துக்குள் ஏறிவிடும். முன்பகுதியும் பின்பகுதியும் ஒரே அச்சு, இரண்டு கதவும் ஒரே அச்சு, அதனால் ஒரு கதவு முன்னால் திறக்கும், மற்றது பின்னால் திறக்கும். செலவை மிச்சம் பிடிக்க இப்படியெல்லாம் செய்து தொடக்கத்தில் 6,000 யூரோவுக்கு விற்றார்கள். நாவிதன்வெளிக்கும் கல்முனைக்கும் போய்வருகிறவருக்கு 75 கிலோமீற்றர் தாராளம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத கரையோரம் இது. கூரைச் சூரியத் தகடுகளின் மின்சாரம் பகலில் மிஞ்சியதால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் அவற்றை அணைத்து வைக்கும்படி மின்சார சபை பாவனையாளரைக் கேட்டுக்கொண்டது. மிஞ்சும் அந்தப் பகல் மின்சாரத்தை, பாடசாலை முற்றத்திலும் வைத்தியசாலை வளவிலும் எட்டு மணிநேரம் சும்மா நிற்கிற குட்டிக் கார்கள் குடித்தால் யாருக்கு நட்டம்?

மாரி வெள்ளம் என்ற கேள்வி இருக்கிறது. அதற்குச் சமாதானம் சொல்லித் தப்ப முடியாது. கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும் படத்தைப் பத்திரிகைகள் பல ஆண்டுகளாகப் போட்டுவருகின்றன. 2024 நவம்பர் 26 இல் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துப்போனது. அந்தப் பிள்ளைகளின் மையித்துகளைத் தேடிய நாட்களை இந்தக் கரையோரம் மறக்காது. உழவு இயந்திரத்துக்கே அந்தக் கதி என்றால் ஐந்நூறு கிலோவுக்கும் குறைந்த வண்டியின் கதி என்ன? கணக்கும் அதையே சொல்கிறது. இரண்டரை மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றருக்குக் குறைந்த அகலமும் உள்ள வண்டியின் தரைத்தட்டுக்கு மேல் அரை அடி நீர் ஏறினால் போதும், அது சக்கரத்தில் நிற்காமல் மிதக்கத் தொடங்கும். வெள்ள நாளில் தாம்போதியில் இறங்கக் கூடாத வண்டிகளில் முதலாவது இதுதான். கிட்டங்கிக்கு உயர்ந்த பாலம் வேண்டும் என்ற கோரிக்கை மோட்டார் சைக்கிள்காரருக்கும் பஸ்ஸில் போகிறவருக்கும் பொதுவானது. குட்டிக் கார் வந்தாலும் வராவிட்டாலும் அது வேண்டும்.

இன்னொரு மறுப்பு வீட்டுக்குள்ளிருந்து வரும். பிள்ளைகளை எங்கே ஏற்றுவது? உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எப்படி? கலியாணத்துக்கு, மையித்து வீட்டுக்கு, கோயில் திருவிழாவுக்கு எப்படிப் போவது? நியாயமான கேள்விதான். வீட்டில் ஒரே வாகனம்தான் என்றால் இரண்டு இருக்கைக் கார் வாங்கவே கூடாது. ஆனால் இப்படியான பயணம் மாதத்தில் எத்தனை வரும்? அந்தச் சில நாட்களுக்கு வேனை வாடகைக்குப் பிடிக்கும் வழக்கம் இங்கே நெடுநாளாய் உண்டு. பத்துப் பேர் கூடிப் போகிற பயணத்துக்கு ஐந்து இருக்கைக் காரும் போதாது. மற்ற நாளெல்லாம் இருவர் போக ஐவருக்கான வண்டிக்கு வரி கட்டி, வட்டி கட்டி, பெற்றோல் ஊற்றுகிறோம். கணவனும் மனைவியும் இருவருமே அரச உத்தியோகம், வீட்டில் ஏற்கெனவே ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது, பிள்ளைகள் பள்ளி வேனில் போகிறார்கள் என்ற குடும்பங்கள் நாவிதன்வெளியிலும் கல்முனையிலும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இந்த வண்டி அவர்களுக்கானது. எல்லாருக்குமானது என்று விற்கப் போனால் நானோவின் வழியில்தான் போகும்.

மின்வாகனத்துக்கு வரியை மோட்டாரின் கிலோவாற்றில் கணக்கிடும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அமி போன்ற வண்டியின் மோட்டார் 6 கிலோவாற்றுத்தான். ஆகவே கதவு பாதி திறந்தே கிடக்கிறது. மீதிப் பாதியைத் திறக்க வேண்டியது நிதி அமைச்சும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும். ஐரோப்பாவில் இலகு வகுப்பு வண்டிக்கு எடை 425 கிலோவுக்குள், வேகம் 45 கிலோமீற்றருக்குள் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். அதை அப்படியே பெயர்த்து வைக்காமல், நம் வெள்ளத்துக்கும் வீதிக்கும் பொருந்த, இருக்கைப் பட்டியும் மோதல் சோதனைச் சான்றும் கட்டாயம் என்ற நிபந்தனையோடு ஒரு வகுப்பை வரைய வேண்டும். பெற்றோல் வண்டிகளுக்கு ஆயிரம் சிசிக்குக் கீழே இன்னும் ஒரு படி இறக்க வேண்டும். அதிவேக நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது என்றும் எழுதலாம். நாவிதன்வெளிக்காரருக்கு அதனால் இழப்பில்லை.

உதிரிப்பாகத்தை வர்த்தமானியில் எழுதி வரவழைக்க முடியாது. கொழும்பில் நின்றுபோன வண்டியை இழுத்துக்கொண்டு போக ஏஜென்ட் இருப்பார். கல்முனையில் வண்டி ஓடுவதும் நிற்பதும் ஒழுங்கை முனையில் கராஜ் வைத்திருக்கும் பாஸின் கையில். பிரேக் கட்டையும் சக்கரப் பெயாரிங்கும் இங்கேயே வாங்கக் கிடைக்கிற வண்டியை, முச்சக்கரவண்டியின் பாகங்கள் பொருந்துகிற வண்டியாயிருந்தால் இன்னும் நல்லது, அந்த பாஸ் ஒரு வாரத்தில் கழற்றிப் பூட்டப் பழகிவிடுவார். மின்கலத்தைத் திறக்கக் கணினியும் கம்பெனியின் கடவுச்சொல்லும் வேண்டும் என்ற வண்டியை அவர் தொடவே மாட்டார். இறக்குமதி அனுமதி கேட்டு வருகிற கம்பெனியிடம் திணைக்களம் முதலில் கேட்க வேண்டியது அம்பாறை மாவட்டத்தில் பழுதுபார்க்கும் இடம் எத்தனை, பத்து ஆண்டுக்குப் பாகம் தருவதாக எழுத்தில் உறுதி உண்டா என்பதை. விலையைப் பிறகு பேசலாம்.